கலைக்கப்பட்ட பாட்டர்சீயும் அதன் மேயர்களும்: கேள்வி – பதில்

லண்டனின் பாட்டர்சீ பரோவுக்கு (நகராட்சிப் பகுதிக்கு) 1913-ல் மேயரான ஜான் ஆர்ச்சர், 40-க்கு 39 என்று ஜெயித்ததாக ஓரிடத்திலும் 30-க்கு 29 என்று இன்னோரிடத்திலும் படித்தேன். எது சரி? (தஞ்சாவூர் வாசகர்)

30-க்கு 29 தான் பொருந்துகிறது. மற்றதைக் கூட்டிப் பாருங்கள், 79 வாக்கு வரும். அங்கே மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. கவுன்சிலர்களும் ஆல்டர்மேன்களும் (கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கும் மூத்த உறுப்பினர்கள்) உட்கார்ந்த மன்றம்தான் ஆண்டுக்கொரு முறை தேர்ந்தெடுத்தது. லண்டனில் 28 பரோக்களை உண்டாக்கிய 1899-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு மன்றத்தில் மொத்தம் 70 பேருக்கு மேல் இருக்க முடியாது. ஆறு கவுன்சிலருக்கு ஒரு ஆல்டர்மேன். ஆக உச்சவரம்பு 60-ம் 10-ம். 79 பேர் வாக்களிக்க ஆளே கிடையாது. யாரோ ஒருவர் தப்பாக எழுதியதை மற்றவர்கள் கூட்டிப் பார்க்காமலே எடுத்தாண்டிருக்கிறார்கள்.

தேதியிலும் இதே குளறுபடி உண்டு. மேயர் தேர்வுக்கான வழக்கமான நாள் நவம்பர் 9. ஆனால் 1913-ல் அது ஞாயிற்றுக்கிழமை. எனவே தேர்வு நடந்தது மறுநாள், 10-ஆம் தேதி.

பிரிட்டனின் முதல் கறுப்பின மேயர் ஆர்ச்சர்தானா? (கோவை வாசகர்)

லண்டனில் முதலாமவர், பிரிட்டனில் அல்ல. பஹாமாஸில் பிறந்த டாக்டர் ஆலன் மின்ஸ் 1904-லேயே நார்ஃபோக்கின் தெட்ஃபோர்டில் மேயராகிவிட்டார். ஆர்ச்சரின் தந்தை பார்படோஸ்காரர், தாய் ஐரிஷ்காரர். அவருடைய பிறப்பிடம் எது என்று பத்திரிகைகள் ஆளுக்கொன்று எழுத, ‘இங்கிலாந்தில் நீங்கள் கேள்விப்பட்டிராத ஒரு சின்ன கிராமம், பெயர் லிவர்பூல்’ என்கிற தோரணையில் குத்தலாகப் பதில் சொன்னார் மனிதர்.

இந்தியரான ஷாபூர்ஜி சக்லத்வாலாவும் அங்கே மேயராக இருந்தாராமே? (சேலம் வாசகர்)

இல்லை. அவர் பாட்டர்சீ வடக்குத் தொகுதியின் எம்.பி.; 1922-லும் பிறகு 1924-லும் ஜெயித்தவர். அவருக்குத் தேர்தல் ஏஜென்டாக வேலை பார்த்தவர் ஆர்ச்சர். குழப்பம் வந்த வழி அதுவாக இருக்கலாம்.

பாட்டர்சீ பரோ இப்போது இல்லையே, பழைய மேயர்கள் பற்றி எங்கே தேடுவது? (லண்டனிலிருந்து ஒரு வாசகர்)

1965 ஏப்ரல் 1-ல் பாட்டர்சீ, பழைய வாண்ட்ஸ்வொர்த்தின் பெரும்பகுதியோடு சேர்ந்து புதிய வாண்ட்ஸ்வொர்த் பரோ ஆனது. ஆவணங்களும் அங்கேயே போயின. லாவெண்டர் ஹில்லில் உள்ள பாட்டர்சீ நூலகத்தில் வாண்ட்ஸ்வொர்த்தின் ஆவணப் பிரிவைக் கேளுங்கள். நேரே பெயரைத் தேடாமல், மன்றக் கூட்டக் குறிப்புகளில் அந்த ஆண்டின் நவம்பர் கூட்டத்தைப் புரட்டுங்கள். புதிய மேயர் யார், எத்தனை வாக்கு என்பதெல்லாம் அங்கேதான் கிடைக்கும்.

ஆண்டைக் குறிக்கும்போது கவனம் தேவை. மேயர் ஆண்டு நவம்பரில் தொடங்கி அடுத்த நவம்பரில் முடியும். ஆர்ச்சரை 1913–14 என்று எழுத வேண்டும். வெறும் 1913 என்று போட்டால், அந்த ஆண்டின் முதல் பத்து மாதம் பதவியில் இருந்தவர் பட்டியலிலிருந்து காணாமல் போவார். 1949-லிருந்து தேர்வு மே மாதத்துக்கு மாறியது. அதனால் 1947 நவம்பரில் வந்தவர்கள் 1949 மே வரை, ஒன்றரை ஆண்டு நீடித்தார்கள். நடுவில் ஒரு பெயர் விட்டுப்போய்விட்டது என்று நினைத்து 1948-க்கு ஆள் தேடி அலைய வேண்டாம்.