கட்டிலுக்கு அடியில் ஓர் ஆய்வேடு

அன்புள்ள ஐயா,

ஐம்பதுகளின் சிங்கப்பூர்த் தமிழ் நாளிதழான தமிழ் முரசு பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வேடு சென்ற மாதம் ஏற்கப்பட்டது. வேலை பார்த்துக்கொண்டே ஏழு ஆண்டுகள், 412 பக்கங்கள். அப்படியே நூலாக்கிவிடு என்கிறார்கள் நண்பர்கள். நீங்களும் ஆய்வேட்டை நூலாக்கியவர். என்ன சொல்கிறீர்கள்?

க., ஈசூன்

அன்புள்ள க.,

வாழ்த்துகள். ஆனால் அப்படியே அச்சிடாதீர்கள். நான் அச்சிட்டேன், 300 படிகள். சட்டப்படி இரண்டு தேசிய நூலக வாரியத்துக்குப் போயின. வெளியீட்டு விழாவில் ஐம்பது விற்றன. வாங்கியவர்களில் பாதிப் பேர் உறவினர்கள். (போர்த்திய சால்வைகளின் எண்ணிக்கை அதைவிட அதிகமோ என்று ஐயம்.) மிச்சம் என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக் கட்டிலுக்கு அடியில். ஒருநாள் பெட்டியை நகர்த்திப் பெருக்கிய என் மனைவி ஒரு படியைப் பிரித்தார். 38ஆம் பக்கத்தில் மூடிவிட்டு, "எப்போது விஷயத்துக்கு வருவீர்கள்?" என்றார். நான் விஷயத்துக்கு வந்தது 97ஆம் பக்கத்தில்.

கருதுகோள், முன்னாய்வுகள், ஆய்வு எல்லை எல்லாம் தேர்வாளர்களுக்கானவை. 'இதையும் படித்துவிட்டேன், விட்டுவிடுங்கள்' என்ற மன்றாட்டின் நீண்ட வடிவம். மொழியும் அப்படித்தான். என் ஆய்வேட்டில் 'எனலாம்' எத்தனை என்று பிறகு எண்ணிப் பார்த்தேன். நூற்றைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன். எனக்கு உறுதியாகத் தெரிந்ததைக்கூட 'எனலாம்' என்றே எழுதியிருந்தேன்.

விக்டோரியா தெரு நூலகத்தில் குளிருக்குக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு பழைய நாளிதழ்களின் நுண்படச் சுருளை உருட்டிய சனிக்கிழமைகளை நினைத்துப் பாருங்கள். எந்தப் பக்கத்தில் கை நின்றது? எனக்கு 'தமிழ் எங்கள் உயிர்' நிதிச் செய்திகளில். அப்போது சிங்கப்பூரின் புக்கித் தீமாவில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய இயல் துறையில் தமிழ் நூல்கள் சேர வேண்டும் என்று முரசின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி தம் இதழ் வழியாக மக்களிடம் கையேந்தினார். பல்கலைக்கழக வாசலையே மிதித்திராதவர்களும் பணம் தந்தார்கள். பிறகு அந்தத் துறை கோலாலம்பூருக்கே போய்விட்டது. இத்தனையும் என் ஆய்வேட்டில் எங்கே இருக்கிறது தெரியுமா? 211ஆம் பக்க அடிக்குறிப்பில், நான்கு வரியாக. ஆய்வு எல்லைக்கு வெளியே என்றார் நெறியாளர். அன்று அவர் சொன்னது சரி. நூலாக்கியபோதும் அங்கேயே விட்டுவைத்தது என் தவறு.

உங்கள் அடிக்குறிப்புகளைத் துழாவுங்கள். அப்படி ஒன்று கட்டாயம் அகப்படும். அதிலிருந்து தொடங்கினால் பாதி இயல்கள் தாமாக உதிர்ந்துவிடும். மேற்கோள் சான்றுகளை மட்டும் வெட்டாதீர்கள், நூலின் கடைசிக்குத் தள்ளுங்கள். சொல்லடைவு, அதாவது எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்ற பட்டியல், கட்டாயம். அது இல்லாத தமிழ் ஆய்வு நூல்களோடு நான் பட்ட பாடு தனிக்கதை.

முதலில் அந்த ஒன்றை மட்டும் பத்துப் பக்கமாக எழுதி அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன். என் நூல் வேண்டுமானாலும் சொல்லுங்கள். இன்னும் இரண்டு பெட்டி இருக்கிறது.