யூனியன் கார்டில கையெழுத்து வைக்கலாமோ?

தம்பி, கனடா ஸ்காபரோவில, ஆக்களை வேலைக்கு அனுப்பிற ஏஜென்சி மூலமாய் ஒரு பக்டரிக்குப் போறீர், கூட வேலை செய்யிற ஒரு பிள்ளை யூனியனில சேர விருப்பம் எண்டு கையெழுத்து வைக்கிற கார்டை நீட்டுறா, வைச்சால் வேலையும் வேலை பெர்மிட்டும் போகுமோ எண்டு கேட்டிருக்கிறீர். பேஸ்மென்ற் வாடகை, வின்டர் ஜக்கெட் எல்லாம் ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம். கார்டைப் பற்றித்தான் எங்கட சனம் பிழையாய்ச் சொல்லும்.

ஒன்ராறியோவில இதைப் பார்க்கிறது தொழில் உறவுகள் சபை. யூனியன் சேர்க்கப் பார்க்கிற தொழிலாளரில 40 வீதமான ஆக்கள் கையெழுத்து வைச்சால் யூனியன் அங்க விண்ணப்பிக்கலாம். சாதாரணமாய் 5 வேலைநாளுக்குள்ள ரகசிய வாக்கெடுப்பு நடக்கும். வாக்குப் போட்டவையில பாதிக்கு மேல ஓம் எண்டால் யூனியன் வந்திட்டுது. ஆர் ஆர் கையெழுத்து வைச்சது எண்டு சபை முதலாளிக்குச் சொல்லாது. யூனியனுக்காக உம்மை நிப்பாட்டினதாய் முறைப்பாடு போனால், அதுக்காக இல்லை எண்டு நிரூபிக்க வேண்டியது முதலாளிதான். ஆனால் வழக்கு இழுபடும், வீட்டு வாடகை காத்திராது. அதாலை சாப்பாட்டு மேசையில நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டு திரியாதையும். வேலை நேரத்தில வேலைத்தலத்தில ஆள் சேர்க்கவும் கூடாது, வெளியில வைச்சுக் கதையும்.

கார்டுக்கும் பெர்மிட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உமக்கு ஆபத்து வேறை இடத்தில இருக்கு. பெர்மிட்டில ஒரு முதலாளியின்ர பெயர் போட்டிருக்க, நீர் ஏஜென்சி அனுப்பின இன்னொரு இடத்தில நிண்டால் அதுதான் பிழை. முதல்ல அந்தக் கடதாசியை எடுத்து வாசியும். பெயர் போட்ட பெர்மிட்டில முதலாளி கொடுமைப்படுத்தினால், 2019இல இருந்து எந்த முதலாளியிட்டையும் வேலை செய்யக்கூடிய திறந்த பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க ஒரு வழி இருக்கு. கனபேருக்குத் தெரியாது.

நான் வந்த காலத்தில எங்களுக்கு மேல நிண்ட சுப்பவைசர் எங்கட ஆள்தான். "யூனியன் வந்தால் கொம்பனியைப் பூட்டிப்போட்டுப் போயிடுவாங்கள்" எண்டு தமிழில வந்து சொல்லுவார், வெள்ளைக்காரன் சொல்லத் தேவையில்லை. ஓவர்டைமையும் தனக்கு வேண்டின ஆக்களுக்குத்தான் குடுப்பார். வயசான ஆக்கள் பயந்ததை நான் குறை சொல்லமாட்டன். இலங்கையில 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில ஜே.ஆர். ஜெயவர்த்தனாவின்ர அரசாங்கம் 40,000 பேருக்கு மேல வேலையால கலைச்சதைக் கண்ட சனம் அது. இஞ்சை கதை வேறை. வேலைநிறுத்த உரிமையை அரசியலமைப்பே காக்குது எண்டு 2015இல கனடா உச்ச நீதிமன்றம் சொல்லிப்போட்டுது. அதுக்காக நினைச்ச நேரம் ஸ்ரைக் அடிக்கேலாது, யூனியனும் முதலாளியும் செய்த ஒப்பந்தம் நடப்பில இருக்கேக்கை அது சட்டவிரோதம்.

எனக்கு எரிச்சல் வாறது சந்தாக் காசுக்குப் புறுபுறுக்கிற ஆக்களில. சம்பள உயர்வு வேணும், பல்லுக்குக் காப்புறுதி வேணும், சந்தா மட்டும் கள்ளக் காசாம்! 1945இல வின்ட்சரில போர்ட் கார்க் கொம்பனித் தொழிலாளர் காரால றோட்டை மறிச்சுக்கொண்டு நிண்டவை. அந்தப் பிணக்கைத் தீர்க்க வந்த நீதிபதி ஐவன் ராண்ட், அடுத்த வருசம், அங்கத்தவரோ இல்லையோ பலனை அனுபவிக்கிற எல்லாரும் சந்தா கட்டவேணும் எண்டு தீர்த்தார். இண்டைக்கும் அந்த முறைதான், அதுவும் வருமான வரியில கழிக்கலாம்.

யூனியன் உள்ள இடத்தில சம்பளம் வெட்டினால் நேர தொழில் அமைச்சுக்கு ஓடாதையும், பெரும்பாலும் திருப்பி அனுப்புவினம். வேலைத்தலத்தில யூனியனின்ர ஆளாய் இருக்கிற ஸ்ருவர்ட்டைப் பிடிச்சு கிரீவன்ஸ் எண்ட முறைப்பாடு எழுதவேணும், அதுக்கு ஒப்பந்தத்தில நாள்கணக்கு இருக்கும். எங்கட ஆக்கள் மூண்டு மாசம் வீட்டில இருந்து திட்டிப்போட்டு, பிறகு வந்து யூனியன் ஒண்டும் செய்யேல்லை எண்டுவினம். யூனியனே வேணுமெண்டு உம்மைக் கைவிட்டால் அதையும் சபைக்குக் கொண்டுபோகலாம்.

கையெழுத்து வைக்க முதல் அந்தப் பிள்ளையை ஒண்டு கேளும்: ஏஜென்சி ஆக்களும் அந்த 40 வீதக் கணக்கில வருவினமோ? உங்கட முதலாளி ஏஜென்சியோ பக்டரியோ எண்டதிலேயே சண்டை பிடிப்பாங்கள், சபைதான் தீர்க்கும். ஏஜென்சிக்கு லைசென்ஸ் இருக்கோ எண்டும் பாரும், 2024 ஜூலையில இருந்து அது கட்டாயம்.