சிசேரியனுக்குப் பிறகு யோகா: எப்போது, எதிலிருந்து தொடங்கலாம்?

கேள்வி: சிசேரியன் ஆகி 45 நாள் ஆகிறது. வயிறு தொளதொளவென இருக்கிறது. தும்மினால் சிறுநீர் கசிகிறது. யோகா செய்யலாமா? மூன்று மாதம் குனியவே கூடாது என்கிறார் என் அத்தை. குழந்தையைக் காலைப் பிடித்துத் தலைகீழாக ஆட்டும் 'பேபி யோகா' வீடியோ ஒன்றும் வந்தது. மூத்தவளுக்கு 4 வயது. அவளுக்கும் சொல்லித் தரலாமா?
- வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: சிறுநீர் கசிவதைக் கூச்சப்படாமல் எழுதினீர்களே, அதுவே பெரிய விஷயம். இதை வருடக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் துணி வைத்துக்கொண்டே சமாளிக்கும் பெண்கள் நிறைய.

அத்தை சொல்வதில் பாதி சரி. வெளியே தையல் ஆறிவிட்டாலும் உள்ளே இருக்கும் அடுக்குகள் உறுதியாக இன்னும் நாள் பிடிக்கும். அதற்காக அசையாமல் படுத்திருக்கவும் வேண்டாம். எல்லோரும் வயிற்றைக் குறைக்கும் ஆசனத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். நீங்கள் அடியிலிருந்து, அதாவது சிறுநீர்ப்பையைத் தாங்கும் இடுப்படித் தசையிலிருந்து ஆரம்பியுங்கள். சிறுநீரை அடக்குவதுபோல் தசையை உள்ளிழுத்து, 5 எண்ணும்வரை பிடித்து, முழுதாகத் தளர்த்துங்கள். மூச்சு இயல்பாக ஓடட்டும். ஒரு வேளைக்கு 10 முறை, தினமும் 3 வேளை. பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம், விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் வயிறு. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, தொப்புளுக்குச் சற்று மேலே விரல்களை வைத்துக்கொண்டு தலையை மட்டும் லேசாகத் தூக்குங்கள். நடுவில் ஒரு பள்ளம் தட்டுப்படும். இரண்டு விரலுக்கு மேல் அகலம் இருந்தால் தசைகள் இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். அப்படியானால் படகுபோல் காலையும் தலையையும் தூக்கும் நௌகாசனம், வில்போல் வளையும் தனுராசனம், வயிற்றை உள்ளிழுத்து வேகமாக மூச்சை வெளிவிடும் கபாலபாதி எதுவும் இப்போதைக்கு வேண்டாம். அரசு மருத்துவமனை பிசியோதெரபி பிரிவில் ஒருமுறை காட்டுங்கள். மெதுவான வயிற்று மூச்சு, வண்டுபோல் ரீங்கரித்தபடி மூச்சை விடும் பிராமரி, பூனைபோல் முதுகை வளைத்து நிமிர்த்துவது ஆகியவற்றைச் செய்யலாம். குனிந்தே பால் கொடுத்து இறுகிப்போன கழுத்துக்கும் முதுகுக்கும் இது இதமாக இருக்கும். குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு உட்காருங்கள், மார்பு கனக்காது.

அந்த வீடியோவை நம்பவே நம்பாதீர்கள். கழுத்து நிற்காத குழந்தையை அப்படி ஆட்டினால் மூளையில் ரத்தம் கசியலாம், இடுப்பு மூட்டு நழுவலாம். விழித்திருக்கும்போது உங்கள் நெஞ்சின்மேல் குப்புறப் போட்டு இரண்டு மூன்று நிமிடம் முகம் பார்த்துப் பேசுங்கள். தலையைத் தூக்க அது படும் பாடுதான் அதற்கு யோகா. வாயு தொல்லை இருந்தால் கால்களை மெல்ல சைக்கிள் மிதிப்பதுபோல் அசைத்துவிடலாம். பால் குடித்த கையோடு மட்டும் வேண்டாம்.

மூத்தவளை உங்கள் பக்கத்திலேயே பாய் போட்டு நிற்க விடுங்கள். மரம்போல் ஒற்றைக்காலில் நிற்கட்டும், விழுந்து சிரிக்கட்டும். மூச்சை அடக்கும் பயிற்சி மட்டும் அவளுக்கு வேண்டாம். தம்பியோ தங்கையோ வந்தபின் அம்மா தனக்கென்று தரும் பத்து நிமிடம் அது, திருத்திக்கொண்டே இருக்காதீர்கள்.

ரத்தப்போக்கு கூடினால், தையலில் நீர் வடிந்தால், காய்ச்சல் அடித்தால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். காரணமில்லாத அழுகை, குழந்தையிடம் ஒட்டாத மனம் இரண்டு வாரம் தாண்டினாலும் தள்ளிப்போட வேண்டாம். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசகரிடம் இலவசமாகப் பேசலாம்.

இன்னொன்று. கேழ்வரகுக் களி சாப்பிடுகிறோமே என்று இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். களியில் சுண்ணாம்புச்சத்து அதிகம், நல்லதுதான். ஆனால் பிரசவத்துக்குப் பின் 180 நாளும் அந்த மாத்திரை வேண்டும்.