சர்க்கரை நோயாளிகளுக்குக் கொரோனா ஏன் கடுமையாகிறது?

"சர்க்கரை இருந்தால் கொரோனா சுலபமாகத் தொற்றிக்கொள்ளுமாமே?" என்று கேட்டிருக்கிறீர்கள். தொற்றுவது வேறு, தொற்றியபின் முற்றுவது வேறு. சர்க்கரை நோயின் கைவரிசை பெரும்பாலும் இரண்டாவதில்தான். இங்கிலாந்தில் 2020 மார்ச் முதல் மே வரை மருத்துவமனைகளில் கொரோனாவால் இறந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது.

இரத்தத்தில் சர்க்கரை கூடினால் கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்கள் மந்தமாகின்றன. உடலில் ஏற்கெனவே கனன்றுகொண்டிருக்கும் அழற்சியோ வைரஸ் வந்ததும் எல்லை மீறுகிறது. அதாவது, காவலாளி தூங்குகிறான், விழித்ததும் வீட்டையே உடைக்கிறான். இரத்தம் உறையும் போக்கும் அதிகம். இதயமும் சிறுநீரகமும் முன்பே தளர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. காய்ச்சலே சர்க்கரையை ஏற்றும். உடல் நெருக்கடியில் சுரக்கும் கார்டிசால், அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் கல்லீரலிலிருந்து குளுக்கோஸை வெளியே தள்ளுகின்றன. ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளிகளின் உயிரைக் காத்த டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தும் சர்க்கரையை உயர்த்தக்கூடியதுதான். 2021இல் இந்தியாவில் கரும்பூஞ்சை நோய் பரவியபோது, பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை நோயாளிகள். ஸ்டீராய்டு எடுத்தவர்களும் ஏராளம்.

எனவே "எத்தனை வருடமாகச் சர்க்கரை?" என்பதோடு, "இப்போது எவ்வளவு இருக்கிறது?" என்றும் கேளுங்கள். காய்ச்சல் நாட்களில் அடிக்கடி அளந்து பாருங்கள். சாப்பிடவில்லையே என்று இன்சுலினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் எந்த மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்துவது என்பதை மருத்துவரிடம் அன்றே கேட்டுவிடுங்கள்.