ஃபயர்வால் அப்டேட்டுகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் சிறிய அலுவலகத்தில் ஓபிஎன்சென்ஸ் என்ற திறந்த மூல ஃபயர்வாலை (இணையத்துக்கும் அலுவலக நெட்வொர்க்குக்கும் இடையில் நிற்கும் காவல் மென்பொருள்) பயன்படுத்துகிறோம். இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை புதிய அப்டேட் வந்திருப்பதாகத் தெரிவிக்கிறது. எல்லாவற்றையும் உடனே போட்டாக வேண்டுமா? பதிப்பு எண்களுக்கு என்ன பொருள்?
– வாசகர், ஈரோடு

பதில்: 25.7 என்றால் 2025ஆம் ஆண்டு ஜூலையில் வந்த பதிப்பு. ஆண்டுதோறும் ஜனவரியிலும் ஜூலையிலும் ஒரு பெரிய பதிப்பு வரும். நீங்கள் அடிக்கடி பார்க்கும் 25.7.1, 25.7.2 போன்றவை இடையில் வரும் சிறிய அப்டேட்டுகள். எண்ணின் இறுதியில் ஓர் அடிக்கோடும் இன்னொரு சிறிய எண்ணும் இருந்தால், வெளியிட்ட பிறகு கண்ணில் பட்ட பிழைக்கு அவசரமாகப் போட்ட திருத்தம் என்று கொள்ளலாம். கட்டணம் செலுத்துவோருக்கான வணிகப் பதிப்பு ஏப்ரலிலும் அக்டோபரிலும், அதாவது பொதுப் பதிப்பு சில மாதங்கள் பலரிடம் ஓடித் தேறிய பிறகே வருகிறது.

ஒவ்வோர் அப்டேட்டுடனும் வரும் மாற்றப் பட்டியலில் கணிசமான பங்கு ஓபிஎன்சென்ஸ் குழுவினர் எழுதிய நிரலைப் பற்றியதே அன்று. அடித்தளமான ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம், மறையாக்கத்துக்கான ஓபன்எஸ்எஸ்எல், இணையப் பெயரை முகவரி எண்ணாக மாற்றும் பெயர்த் தேடலுக்கான அன்பவுண்டு, ஊடுருவலைக் கண்டறியும் சூரிக்காட்டா என வெளியிலிருந்து வந்து சேர்பவை அதில் நிறைய இருக்கும். உங்கள் ஃபயர்வாலில் இணையத்தை நோக்கித் திறந்து வைத்திருக்கும் சேவை எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான அலுவலகங்களில் அது வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணைய உதவும் விபிஎன் ஒன்றாகத்தான் இருக்கும். அதைத் தொடும் பாதுகாப்புத் திருத்தம் பட்டியலில் இருந்தால் அன்று மாலையே போட்டுவிடுங்கள். மற்றவற்றை நான்கைந்து நாள் ஆறப்போட்டுச் செய்வதில் தவறில்லை. இயங்குதளத்தின் மையமான கர்னல் மாறும் அப்டேட் என்றால் கருவி ரீபூட் ஆகும் என்பதால், அலுவலகம் முடிந்த பிறகு செய்வதே முறை.

பெரிய பதிப்புகளின் கதை வேறு. அவற்றின் அறிவிப்பில் புதிய வசதிகள்தாம் முதலில் கண்ணில் படும். நீங்கள் முதலில் படிக்க வேண்டியதோ இறுதியில் வரும் இடமாற்றக் குறிப்புகளும் அறியப்பட்ட சிக்கல்களும்தான். எது நீக்கப்பட்டது, எது தனிச் செருகுநிரலாக மாறியது என்பவை அங்குதான் இருக்கும். 24.7 பதிப்பு முதல், இசட்எஃப்எஸ் கோப்பு முறையில் நிறுவியவர்கள் மேம்படுத்துவதற்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவைத்து, சிக்கல் வந்தால் பழைய நிலைக்குத் திரும்பும் வசதி இடைமுகத்திலேயே வந்துவிட்டது. என்னைக் கேட்டால், அண்மை ஆண்டுகளில் வந்த பளபளப்பான மாற்றங்கள் எல்லாவற்றையும்விட இதுவே பெரிய உதவி.

கேள்வி: பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் இரண்டும் ஒன்றா?
– வாசகர், மதுரை

பதில்: ஒரே குடும்பம், இரண்டு வீடுகள். மானுவல் காஸ்பர் 2003இல் தொடங்கிய மோனோவால் என்ற ஃபயர்வாலிலிருந்து 2004இல் பிஎஃப்சென்ஸ் பிரிந்தது. அதிலிருந்து பிரிந்த ஓபிஎன்சென்ஸ் 2015 ஜனவரியில் முதல் பதிப்பை வெளியிட்டது. அடுத்த மாதமே காஸ்பர் மோனோவாலை நிறுத்திவிட்டு, தம் பயனர்களுக்கு ஓபிஎன்சென்ஸைப் பரிந்துரைத்தார். பிஎஃப்சென்ஸின் பின்னால் அமெரிக்காவின் நெட்கேட் நிறுவனமும், ஓபிஎன்சென்ஸின் பின்னால் நெதர்லாந்தின் டெசிசோவும் இருக்கின்றன. இரு தரப்புக்கும் உள்ள உறவு அவ்வளவு இனிமையானதன்று: ஓபிஎன்சென்ஸ் பெயரிலான ஓர் இணைய முகவரி யாருக்கு உரியது என்ற வழக்கு உலக அறிவுசார் சொத்து அமைப்பின் நடுவர் குழுவரை சென்று, 2017இல் டெசிசோவுக்குச் சாதகமாக முடிந்தது.

கேள்வி: நிரல் எல்லார் பார்வைக்கும் திறந்திருந்தால் திருடர்களும் படிப்பார்களே, அது ஆபத்தில்லையா என்று நண்பர் கேட்கிறார். என்ன சொல்வது?
– வாசகர், திருச்சி

பதில்: திறந்து வைத்திருப்பதாலேயே ஒரு நிரல் பாதுகாப்பானதாகிவிடாது, தேர்ந்த ஒருவர் அதை உட்கார்ந்து படிக்க வேண்டும். இதற்கு 2021இல் நடந்ததைச் சொல்லலாம். ஃப்ரீபிஎஸ்டியின் கர்னலுக்குள் வயர்கார்டு விபிஎன்னைக் கொண்டுவரும் பணியை நெட்கேட் ஒரு நிரலரிடம் ஒப்படைத்திருந்தது. அந்த நிரல் ஃப்ரீபிஎஸ்டிக்குள் ஏற்கப்பட்டு, 2021 பிப்ரவரியில் வந்த பிஎஃப்சென்ஸ் 2.5.0 பதிப்பிலும் இடம்பெற்றது. மார்ச்சில் வயர்கார்டை உருவாக்கிய ஜேசன் டோனன்ஃபெல்ட் அதைப் படித்துப் பார்த்து அதிர்ந்தார்: சோதிக்க வேண்டிய இடத்தில் எதையும் சோதிக்காமல் சரி என்று மட்டும் பதில் தரும் செயற்கூறுகள், காரணமின்றிக் காத்திருக்கும் வரிகள், நெறிமுறையில் எழுதப்படாமலே விடப்பட்ட பகுதிகள். அவரும் கைல் எவான்ஸ், மாட் டன்வுடி ஆகிய நிரலர்களும் ஏறக்குறைய ஒரு வாரம் இரவுபகலாக உட்கார்ந்து அதை மாற்றி எழுதினார்கள். ஆயினும் அவசரத்தில் எதையும் வெளியிட வேண்டாம் என்று முடிவாகி, ஃப்ரீபிஎஸ்டி 13.0 வயர்கார்டு இல்லாமலே வந்தது. ஏப்ரலில் பிஎஃப்சென்ஸ் 2.5.1 பதிப்பும் அதை நீக்கிவிட்டது. அது மீண்டும் ஃப்ரீபிஎஸ்டியின் கர்னலுக்குள் முறையாக வந்தது 2023இல், 13.2 பதிப்பில்.

நிரல் மூடியிருந்திருந்தால் டோனன்ஃபெல்ட் அதைப் பார்த்திருக்கவே வழியில்லை. ஆனால் அவர் பார்ப்பதற்கு முன்பே அது பயனர்களின் கைக்குப் போய்விட்டது என்பதையும் உங்கள் நண்பரிடம் சேர்த்தே சொல்லுங்கள்.

கேள்வி: பிஎஃப்சென்ஸில் கருவிகளுக்கு நெட்வொர்க் முகவரி வழங்கும் டிஎச்சிபி பக்கத்தைத் திறந்தால், ஐஎஸ்சி டிஎச்சிபியின் ஆயுள் முடிந்துவிட்டது, பின்னாளில் நீக்கப்படும் என்று எச்சரிக்கை வருகிறது. பிரிண்டர்களுக்கெல்லாம் நிலையான முகவரி கொடுத்து வைத்திருக்கிறேன். என்ன செய்வது?
– வாசகர், கோவை

பதில்: அந்த மென்பொருளின் பராமரிப்பை அதன் உரிமையாளரான ஐஎஸ்சியே 2022 அக்டோபரில் நிறுத்திவிட்டு, கியா என்ற மாற்று மென்பொருளுக்கு வரச் சொன்னது. பிஎஃப்சென்ஸ் 2.7.1இல் கியா விரும்பியவர்களுக்கான முன்னோட்டமாகத்தான் வந்தது. முகவரி பெற்ற கருவியின் பெயரைப் பெயர்த் தேடலில் பதிவது உள்ளிட்ட சில வேலைகளை அப்போது அது செய்யவில்லை. 2025 மே மாதம் வந்த 2.8.0 இந்தக் குறைகளைப் பெரும்பாலும் தீர்த்தது. ஆகவே முதலில் 2.8.0க்கோ அதற்குப் பிந்தைய பதிப்புக்கோ வந்து, பிறகு மேம்பட்ட அமைப்புகளில் நெட்வொர்க்கிங் பகுதிக்குப் போய்க் கியாவுக்கு மாறுங்கள். உங்கள் நிலையான முகவரிகளை மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. அதே பதிவுகளைக் கியாவும் எடுத்துக்கொள்ளும். கைப்பட எழுதிய தனி விருப்பங்கள் ஏதேனும் இருந்தால் அவற்றை மட்டும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

ஓபிஎன்சென்ஸில் கியாவுக்கும், அதே வேலையைச் செய்யும் டிஎன்எஸ்மாஸ்குக்கும் தனித்தனிப் பக்கங்கள் என்பதால் வேலை சற்றுக் கூடுதல். அங்கு சிறிய அலுவலகத்துக்கு டிஎன்எஸ்மாஸ்க் போதும். பழையதை நிறுத்தாமல் புதியதைத் தொடங்கிவிடாதீர்கள்.

கேள்வி: 32 பிட் கணினி ஒன்றில் பழைய பிஎஃப்சென்ஸ் இன்னும் நன்றாகவே ஓடுகிறது. மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: வேண்டும். 2017 அக்டோபரில் வந்த 2.4 பதிப்போடு 32 பிட் ஆதரவு முடிந்துவிட்டது. பழைய 2.3 வரிசைக்கான பாதுகாப்புத் திருத்தங்களும் 2018இல் நின்றுவிட்டன. அதன் பிறகு வந்த திருத்தங்கள் எதுவும் உங்கள் கருவிக்கு வந்து சேர்ந்திருக்காது. புதிய பெட்டிக்கு மாறும்போது அமைப்புகள் முழுவதையும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பாகத் தரவிறக்கிக்கொள்ளலாம். அதில் விபிஎன் சாவிகளும் இருக்கும் என்பதால், மறையாக்கம் செய்து தரவிறக்கும் பெட்டியில் மறக்காமல் டிக் செய்யுங்கள். புதிய பெட்டியின் நெட்வொர்க் கார்டுகளுக்குப் பெயர் வேறாக இருக்கும். கோப்பை ஏற்றியதும் எந்த வாசல் இணையத்துக்கு, எது உள்ளே என்று திரும்பக் கேட்கும். அதனால் திரையும் கீபோர்டும் இணைத்த நிலையிலேயே இந்த வேலையைச் செய்யுங்கள்.