ரோமானியச் சட்டத்தில் மகள் வழிப் பேரப்பிள்ளைகளுக்குப் பங்கு இருந்ததா? தந்தை நினைத்தால் பிள்ளைகளை விலக்க முடிந்ததா?

நீங்கள் சட்டக் கல்லூரித் தேர்வுக்காகக் கேட்கிறீர்களா, வீட்டுத் தகராறுக்காகக் கேட்கிறீர்களா என்பது தெரியவில்லை. பின்னதுதான் என்று கொண்டே எழுதுகிறேன்.

என் தாயார் தம் தந்தைக்கு முன்பே காலமானவர். தாத்தா உயில் எழுதாமல் இறந்தபின் நடந்த பாகப்பிரிவினைப் பேச்சில், அவருடைய சுயசம்பாத்திய வீட்டில் மகள் வயிற்றுப் பிள்ளைகளுக்குப் பங்கே கிடையாது என்று வாதிட்ட உறவினர் ஒருவர், சட்டங்களுக்கெல்லாம் தாயான ரோமானியச் சட்டமே மகன் வழியைத்தான் ஏற்றது என்று ஒரே போடாகப் போட்டார். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் முன்னிறந்த மகளின் பிள்ளைகளை முதல் வகுப்பு வாரிசுகளில் வைத்திருக்கையில், ரோமை அந்தத் திண்ணைக்கு இழுத்து வர வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. அந்தப் பாதிதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது.

ரோமின் பழைய எழுத்துச் சட்டமான, கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பன்னிரண்டு பலகைச் சட்டத்தின்படி, உயில் இல்லாமல் இறந்தவனுக்கு முதல் வாரிசுகள், இறக்கும்போது குடும்பத் தலைவனான அவனுடைய அதிகாரத்தின் கீழ் இருந்தவர்கள். மகனும் மகளும் அவர்களில் சமப் பங்காளிகள். (இதை அந்த உறவினர் சொல்லவில்லை.) முன்னிறந்த மகனின் பிள்ளைகள் தந்தையின் இடத்தில் நின்றார்கள்: ஒரு மகன் உயிரோடிருந்து, இறந்த மற்றொரு மகனுக்கு மூன்று பிள்ளைகள் இருந்தால், சொத்து நான்காகப் பிரியாது, பாதி சித்தப்பாவுக்கு, மறுபாதி அந்த மூவருக்கும் சேர்த்து. மகளின் பிள்ளைகளோ தம் தந்தையின் குடும்பத்தவர் என்பதால் தாய்வழித் தாத்தாவின் அதிகாரத்துக்குள் வருவதே இல்லை. ஆகவே இந்த வரிசையில் அவர்களுக்கு இடமில்லை. அதே காரணத்தால், தந்தையே அதிகாரத்திலிருந்து விடுவித்த சொந்த மகனுக்கும் இடமில்லை. ஆக, ஆண் பெண் என்பதைவிட, யார் யாருடைய அதிகாரத்தில் இருந்தார் என்பதே அங்கே அளவுகோல். விடுவிக்கப்பட்ட மகனைப் பிற்காலத்தில் பிரீட்டர் என்னும் நீதி அதிகாரி உள்ளே சேர்த்தார். ஆனால் அவன் தனியே சேர்த்த சொத்தையும் பொதுக் கணக்கில் கொண்டுவந்து வைக்க வேண்டும். தாயின் சொத்தில் பிள்ளைகளுக்கு முன்னுரிமை கி.பி. 178இல்தான் வந்தது. கி.பி. 543இல் ஜஸ்டினியன் பேரரசர், மகன் வழி, மகள் வழி, அதிகாரத்தில் இருந்தவர், இல்லாதவர் என்ற பேதங்களையெல்லாம் நீக்கி, வழித்தோன்றல்கள் அனைவரையும் முதல் வரிசையில் வைத்தார்.

ரோமை நான் புகழ்கிறேன் என்று யாரும் பாய்ந்து வர வேண்டாம். உயில் எழுதும் தந்தைக்கு மகனை விலக்க வேண்டுமானால் பெயர் சொல்லி விலக்க வேண்டும். மகளையும் பேரப்பிள்ளைகளையும் 'மற்றவர் யாவரும்' என்ற ஒற்றைச் சொற்றொடரில் தள்ளிவிடலாம். கி.மு. 169இன் வோகோனியச் சட்டமோ, பெருஞ்செல்வர்கள் தம் ஒரே மகளைக்கூட உயிலில் வாரிசாக நியமிக்கத் தடை விதித்தது.

விலக்கப்பட்டவர்களுக்கு ஒரு வழி இருந்தது. பெற்ற பிள்ளையைக் காரணமின்றி ஒதுக்கியவன் சித்தம் தெளிவாக இருந்திருக்க மாட்டான் என்ற பாவனையில், உயிலைச் செல்லாததாக்கக் கோரி வழக்குத் தொடுக்கலாம். உயில் இல்லாதிருந்தால் கிடைத்திருக்கும் பங்கில் கால்வாசியையாவது தந்தை விட்டுச் சென்றிருந்தால் வழக்கு நிற்காது. ரோமானிய வழக்கறிஞரும் எழுத்தாளருமான இளைய பிளினி வாதாடிய அட்டியா விரியோலாவின் வழக்கு இவ்வகைப்பட்டது. எண்பது வயதுத் தந்தை காதல் மயக்கத்தில் ஒரு பெண்ணை மணந்து அழைத்து வந்து, பதினொரு நாட்களுக்குள் மகளை விலக்கிவிட்டார். 180 நடுவர்கள் நான்கு குழுக்களாக அமர்ந்து கேட்டதில், இரண்டு குழுக்கள் மகள் பக்கமும் இரண்டு எதிர்ப்பக்கமும் தீர்ப்பளித்தன; இருந்தும் சிற்றன்னைக்குத் தோல்வி. பிள்ளைகளை விலக்குவதற்கான காரணங்கள் இவையிவை என்று ஜஸ்டினியன் பட்டியலிட்டு, அவற்றில் ஒன்றை உயிலிலேயே குறிப்பிட்டாக வேண்டும் என்று விதித்தது கி.பி. 542இல்தான்.