பச்சைப் புள்ளி வைத்த அரை டாலர்

வாசகர் கேள்வி: டெக்ஸாஸில் வசிக்கிறேன். நான்கு மாதமாக வங்கியில் அரை டாலர் பெட்டி வாங்கி வெள்ளிக் காசு தேடி வருகிறேன். முதல் இரண்டு பெட்டியில் ஐந்தாறு வெள்ளி கிடைத்தது. போன மாதப் பெட்டியில் ஏராளமான காசுகளில், கென்னடி முகத்துக்கு முன்னால் பச்சை மார்க்கரில் ஒரு புள்ளி. வெள்ளி ஒன்றுகூட இல்லை. யாரோ தேடி முடித்துவிட்டுக் குறி வைத்திருக்கிறார்கள் என்கிறார் நண்பர். நானும் அப்படிக் குறி வைக்கலாமா? சட்டச் சிக்கல் வருமா? புள்ளி தெரிந்தால் மீதி ரோல்களைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: நண்பர் சொன்னது சரி. அந்தப் பச்சைப் புள்ளிக்காரர் உங்கள் வட்டாரத்திலேயே இருக்கிறார். அவர் பிரித்துப் பார்த்து, வெள்ளியை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வங்கியில் கட்டியிருக்கிறார். அது சுற்றிக்கொண்டு உங்கள் கைக்கு வந்திருக்கிறது.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க வங்கிகளில் சில்லறையைக் காகிதச் சுருளாக, ரோல் ரோலாக வாங்கலாம். அரை டாலர் என்றால் ஒரு ரோலில் 20 காசு, பத்து டாலர். ஒரு பெட்டியில் 50 ரோல், ஆயிரம் காசு, 500 டாலர். எடை மட்டும் பதினோரு கிலோவுக்கு மேல், ஒரு அரிசிச் சிப்பம் தூக்குகிற மாதிரி. 1964 வரை அடித்த அரை டாலரில் 90 சதவீதம் வெள்ளி. 1965 முதல் 1970 வரை 40 சதவீதம். 1971 முதல் புழக்கத்துக்கு விட்டதில் வெள்ளியே கிடையாது. வங்கிக்கோ எல்லாமே அரை டாலர்தான். முகமதிப்புக்கு வாங்கி, வெள்ளியைப் பொறுக்கிக்கொண்டு, மிச்சத்தை அதே மதிப்புக்குக் கட்டிவிடலாம். முதலுக்கு மோசமில்லாத வேட்டை என்பதால்தான் இத்தனை பேர் இறங்குகிறார்கள்.

அரை டாலரில் மட்டும் ஏன் இவ்வளவு புள்ளி? காரணம், அந்தக் காசை யாரும் செலவு செய்வதில்லை. கடைக் கல்லாவில் அதற்கென்று ஒரு பள்ளம்கூடப் பெரும்பாலும் இருக்காது. கால் டாலர் வேறு கதை. அது கடை, சலவை இயந்திரம், பார்க்கிங் மீட்டர் என்று ஊரெல்லாம் அலைந்துவிட்டு வரும். அரை டாலரோ வங்கியிலிருந்து கவச வண்டிக் கம்பெனியின் கிடங்குக்குப் போகிறது, அங்கே இயந்திரத்தில் எண்ணி மறுபடி ரோலாகிறது, மறுபடி வங்கிக்கு வருகிறது. அதைக் கேட்டு வாங்குகிறவர்களும் பெரும்பாலும் உங்களைப் போன்ற வேட்டைக்காரர்கள்தான். ஆக, அதே ஆயிரம் காசு நாலைந்து வீட்டுச் சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவே செக்குமாடு மாதிரி சுற்றுகிறது. குறி வைக்கும் பழக்கம் இதிலிருந்து வந்ததுதான்.

சட்டத்துக்கு வருவோம். அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 18-ஆம் தலைப்பில் 331-ஆம் பிரிவு, மோசடியாகக் காசை மாற்றுவதையும் சிதைப்பதையும் எடை குறைப்பதையும் குற்றம் என்கிறது. ஐந்து ஆண்டு வரை சிறை. அதில் ‘மோசடியாக’ என்ற சொல்தான் முக்கியம். சுற்றுலா இடங்களில் ஒரு சென்ட் காசை நசுக்கிப் படம் பதித்துத் தரும் இயந்திரங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை பகிரங்கமாக நடப்பதும் யாரையும் ஏமாற்றும் நோக்கம் இல்லை என்பதால்தான். மார்க்கர் புள்ளி அதைவிட எத்தனையோ சாது. ஆனால் ஆர்வத்தில் உங்கள் கடைப் பெயரையோ இணைய முகவரியையோ காசில் எழுதிவிடாதீர்கள். காசில் விளம்பரம் பதிப்பதற்கு அதே தலைப்பில் 475-ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. காகித நோட்டுக்கு விதி வேறு. அங்கே கை வைக்கவே வேண்டாம். ஊரிலிருந்து படிப்பவர்கள் இதை அப்படியே இந்தியக் காசுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். அங்கே 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டம் தனி.

குறி வைக்கலாமா என்றால், வைக்கலாம். ஆனால் எல்லாக் காசிலும் வைக்காதீர்கள். பச்சைப் புள்ளிக்காரர் செய்த தப்பு அதுதான். குறி எதற்கு? காசுக்குள் என்ன இருக்கிறது என்று அது சொல்லாது. நீங்கள் கட்டுகிற காசு உங்களிடமே திரும்புகிறதா, எந்த வங்கி வழியாகத் திரும்புகிறது என்பதை மட்டும் சொல்லும். அதைத் தெரிந்துகொள்ளப் பத்துக்கு ஒன்று போதும்.

கணக்காகப் பாருங்கள். ஒரு பெட்டி, ஆயிரம் காசு. நூறில் மட்டும் நீலப் புள்ளி வைத்துக் கட்டுகிறீர்கள். அடுத்து வாங்கும் ஆயிரத்தில் 20 நீலப் புள்ளி தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு புள்ளியும் பத்துக் காசுக்குப் பிரதிநிதி. எனவே இந்தப் பெட்டியில் சுமார் 200 காசு நீங்கள் ஏற்கெனவே பார்த்தவை. அதோடு நிற்கவில்லை. ஆயிரத்தில் 20 என்றால் இரண்டு சதவீதம். நீங்கள் வைத்த நூறு புள்ளி மொத்தத்தில் இரண்டு சதவீதம் என்றால், அந்தக் கிடங்கில் சுற்றுகிற அரை டாலர் ஏறத்தாழ 5,000. வெறும் ஐந்து பெட்டி! இந்த எண் தெரிந்த பிறகு, அதே வட்டாரத்தில் மாதம் இரண்டு பெட்டி வாங்குவதா என்று நீங்களே யோசிப்பீர்கள். குளத்து மீனில் சிலதைப் பிடித்து அடையாளமிட்டு விட்டு, மறுபடி வலை போட்டு மொத்தத்தை மதிப்பிடுவார்களே, அதே முறைதான். டென்மார்க்கின் மீன்வள ஆய்வாளர் பீட்டர்சன் பெயரால் இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

கிடங்கில் காசு நன்றாகக் கலந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். ஒரே ரோலில் உங்கள் புள்ளி ஏழெட்டு, அடுத்த பத்து ரோலில் ஒன்றுகூட இல்லை என்றால் காசு கலக்கவே இல்லை, நீங்கள் கட்டிய பை ஏறக்குறைய அப்படியே ரோலாகியிருக்கிறது. அப்போது எண்ணை நம்பாதீர்கள். மூன்று பெட்டி வாங்கியும் ஒரு புள்ளிகூடத் திரும்பவில்லையா? நல்ல சேதி. உங்கள் காசு வேறு பக்கம் போகிறது. மார்க்கரை மேசை இழுப்பறையில் போட்டுவிடலாம்.

எங்கே வைப்பது? நிறைய பேர் காசின் பக்கவாட்டில், அந்த வரிவரியான ஓரத்தில், ஒரு கோடு இழுக்கிறார்கள். ரோலைப் பிரித்ததுமே கண்ணில் படும் என்பது வசதி. எனக்கு அது பிடிக்காது. ஓரத்தைப் பார்த்துத்தானே வெள்ளியை அடையாளம் காண்கிறோம்? வெள்ளியில்லாத காசில் செம்புக் கோடு பளிச்சென்று ஓடும். 90 சதவீதக் காசில் ஓரம் முழுக்க வெண்மை. 40 சதவீதத்தில் லேசாக மங்கிய சாம்பல். அதன்மேல் மை பூசினால் அடுத்தவர் கண்ணையும் மறைக்கிறோம், நாளைக்கு நம் கண்ணையும் மறைக்கிறோம். எண்ணும் இயந்திரத்தில் உரசி முதலில் அழிவதும் ஓரத்து மைதான். கென்னடி முகத்துக்கு முன்னால் உள்ள வெற்றிடம் நல்ல இடம். அந்த விஷயத்தில் பச்சைப் புள்ளிக்காரர் விவரம் தெரிந்தவர். கடுகளவு புள்ளி போதும். ஆண்டு எண்ணையும், அதற்கு மேலே உள்ள, காசு எந்த அக்கசாலையில் (நாணயம் அடிக்கும் ஆலை) அடித்தது என்று காட்டும் எழுத்தையும் மறைக்கக் கூடாது. சாதாரண நிரந்தர மார்க்கர் போதும். நகப்பூச்சு, ஸ்டிக்கர், டேப் எதுவும் வேண்டாம். அவை காசைத் தடிப்பாக்கி எண்ணும் இயந்திரத்தில் சிக்கும். அப்புறம் கவுன்ட்டரில் உங்கள் முகத்தைப் பார்த்தாலே ‘மெஷின் ரிப்பேர்’ என்பார்கள். வங்கிக்கு ஒரு நிறம் வைத்துக்கொள்ளுங்கள். எந்த நிறத்தை எங்கே, எந்த மாதம் கட்டினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பச்சை ஏற்கெனவே ஒருவருக்குச் சொந்தமாகிவிட்டது, அதைத் தொடாதீர்கள்.

நகப்பூச்சு என்றதும் ஞாபகம் வருகிறது. அமெரிக்க மதுக்கடைகளில், காசு போட்டால் பாட்டுப் போடும் ஜூக்பாக்ஸ் இருந்த காலத்தில், கடைக்காரரே பாட்டுப் போட்டுக் கூட்டத்தை இழுக்க, சிவப்பு நகப்பூச்சு பூசிய கால் டாலர்களை வைத்திருப்பார். ஜூக்பாக்ஸ் கம்பெனிக்காரர் வந்து பெட்டியைத் திறந்ததும் சிவப்புக் காசுகளை மட்டும் கடைக்காரரிடம் திருப்பித் தந்துவிட்டு, மிச்சத்தைத்தான் பங்கு பிரிப்பார். அந்தச் சிவப்பின் மிச்சசொச்சம் இன்றும் பழைய கால் டாலர்களில் ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. அதைப் பார்த்து வேட்டைக்காரர் குறி என்று ஏமாறாதீர்கள்.

பார்த்த காசில் அடையாளம் போடுவது நமக்கும் புதிதல்ல. காசு நோட்டம் பார்ப்பவரை வண்ணக்கன் என்று சொன்ன மொழி இது. அந்தப் பெயரைச் சுமந்த சங்கப் புலவர்களே உண்டு. முகலாயர் காலத்து வெள்ளி ரூபாய்களில், காசு மாற்றித் தரும் சராப்புகள் தட்டிய சின்னச் சின்ன முத்திரைகளை இன்றும் பார்க்கலாம். 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த புதையலில் 501 ரோமானியப் பொற்காசுகள். அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசர் தலைக்குக் குறுக்கே உளிவெட்டு. தேய்ந்த காசைப் புழக்கத்திலிருந்து விலக்க வெட்டினார்கள் என்பது ஒரு கருத்து. மார்க்கர் கண்டுபிடித்த புண்ணியவானுக்கு நன்றி சொல்லலாம்.

மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. புள்ளி தெரிந்த ரோலைப் பிரிக்காமல் திருப்பாதீர்கள். அந்தப் புள்ளி, ‘நான் தேடியதை எடுத்துவிட்டேன்’ என்று மட்டும்தான் சொல்கிறது. அவர் என்ன தேடினார் என்பது உங்களுக்குத் தெரியாது. வெள்ளிக்காரர்கள் பெரும்பாலும் இருபது காசையும் அடுக்கி, ஓரத்தை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தள்ளுவார்கள். முகப்பைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. 2002 முதல் 2020 வரை அரை டாலரைப் பொதுப் புழக்கத்துக்காக அடிக்கவில்லை, சேகரிப்போருக்கு மட்டும் விற்றார்கள். 1987-ஆம் ஆண்டுக் காசும் அப்படியே. யாரோ ஒருவர் சேகரிப்பை உடைத்துச் செலவு செய்ததால் இவை ரோலுக்குள் வந்து சேர்கின்றன; ஓரத்தைப் பார்த்தால் சாதாரணக் காசுதான். 1974-ஆம் ஆண்டு டென்வர் அக்கசாலைக் காசில் ‘டிரஸ்ட்’ என்ற எழுத்துகள் இரட்டையாகத் தெரியும் வகை ஒன்று உண்டு. 1982-இல் பிலடெல்பியா காசில், பின்பக்கக் கழுகின் காலுக்கும் வாலுக்கும் இடையே இருக்க வேண்டிய ‘எஃப்ஜி’ என்ற வடிவமைப்பாளர் எழுத்துகள் இல்லாத வகை உண்டு. ஓரத்தை மட்டும் பார்ப்பவர் இவை எல்லாவற்றையும் புள்ளி வைத்து அனுப்பிவிடுவார்.

வெள்ளியே தவறுவதும் உண்டு. என் பெட்டியில் ஒருமுறை கறுப்புப் புள்ளி வைத்த 1968-ஆம் ஆண்டுக் காசு வந்தது. டென்வர் எழுத்து, 40 சதவீத வெள்ளி. சந்தேகத்தில் எடை போட்டேன். வெள்ளியில்லாத காசு 11.34 கிராம், 40 சதவீதக் காசு 11.5. வித்தியாசம் வெறும் 0.16 கிராம். சமையலறைத் தராசில் இது தெரியாது, இரண்டு தசமம் காட்டும் சின்னத் தராசு வேண்டும். 11.47 காட்டியது. அந்த ஆள் வரிசையாக அடுக்கிப் பார்க்காமலே புள்ளி குத்திக்கொண்டு போயிருக்கிறார்! 90 சதவீதக் காசு 12.5 கிராம் என்பதால் கையிலேயே கனம் தெரியும். 40 சதவீதக் காசுதான் வழுக்கிப் போகும்.

இப்படிக் கிடைத்த நல்ல காசில் புள்ளி இருந்தால் எச்சிலைத் தொட்டுத் துடைக்காதீர்கள், துணியால் தேய்க்கவும் வேண்டாம். தேய்த்த காசின் பளபளப்பு போனால் திரும்பாது. சுத்தமான அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிச் சில நிமிடம் ஊற விடுங்கள். மை தானாகக் கரையும், உலோகத்துக்கு ஒன்றும் ஆகாது. பிறகு வேறு சுத்தமான அசிட்டோனில் ஒருமுறை முக்கி எடுத்து அப்படியே உலர விடலாம். கடையில் விற்கும் நகப்பூச்சு நீக்கியில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும், அது வேண்டாம். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு, விளக்கு, சிகரெட் எதுவும் அருகில் கூடாது.

உங்கள் இப்போதைய நிலைமைக்குப் புள்ளியைவிட உடனடியாக உதவுவது ஒன்று இருக்கிறது. காசு வாங்கும் வங்கியிலேயே மிச்சத்தைக் கட்டாதீர்கள். அந்த வங்கியின் வேறு கிளையில் கட்டுவதும் போதாது, பல கிளைகளுக்கும் ஒரே கிடங்கிலிருந்துதான் வரும். வேறு வங்கியில் கணக்கு வைத்துக் கட்டுங்கள். அந்த இரண்டு வங்கிக்கும் பெட்டி அனுப்புவது ஒரே கவச வண்டிக் கம்பெனியா என்று பெட்டிமேல் உள்ள பெயரைப் பாருங்கள். ஒன்றே என்றால் வங்கி மாற்றியும் பயனில்லை. பச்சைப் புள்ளி எந்தக் கம்பெனிப் பெட்டியில் வருகிறது என்பதையும் குறித்துக்கொண்டு, இரண்டு மாதம் மற்றக் கம்பெனியின் பெட்டியை மட்டும் வாங்கிப் பாருங்கள். கவுன்ட்டரில் கேட்டு, வாடிக்கையாளர் கையால் சுற்றிக் கொடுத்த ரோல் இருந்தால் முதலில் அதை வாங்குங்கள். தாத்தாவின் உண்டியலை உடைத்த பேரன் கட்டிய ரோலாக இருக்கலாம். அது கிடங்குக்கே போகாத காசு. அதில் பச்சைப் புள்ளிக்காரர் கை பட்டிருக்க வாய்ப்பு குறைவு.